மஞ்சளுக்கு அடியில் நாலு எழுத்து

இதை எழுத வேண்டும் என்று நினைத்து ஒன்பது வருஷம் ஆகிறது. இரண்டு தடவை நோட்டு வாங்கி முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழியும் போட்டேன். அதோடு நின்றுபோனது. ஒரு நோட்டை என் மகள் கோலம் போட்டுப் பார்க்க எடுத்துக்கொண்டாள். இன்னொன்று பரணில் கிடந்து பூச்சி அரித்தது. எழுதக் கை வராததற்குக் காரணம் உண்டு. இது ஒரு பெண்ணின் கழுத்தைப் பற்றிய விஷயம். அவள் இருக்கும்போது எழுதுவது முறையில்லை. இன்னொரு காரணமும் உண்டு. அது என் தப்பு. அதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

இந்தத் தை மாதம் அந்தப் பெண் முருகன் திருவடி சேர்ந்துவிட்டாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு இலஞ்சிக்குப் போயிருந்தபோது அவள் மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாமா, ஊர்ல ஆளுக்கு ஒரு கதை சொல்லுதாவ. நீங்க பாத்தத நீங்களே எழுதிருங்க" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் முப்பது வருஷமாக வேலை. கடைக்கு வரும் கடிதங்களையெல்லாம் படித்து முடித்ததும் குத்துக்கம்பியில் குத்தி வைப்பது வழக்கம். ஒரு கம்பி நிறைந்தால் அதைப் பரணில் தொங்கவிட்டு அடுத்த கம்பி. ஐம்பத்துமூன்றிலோ நாலிலோ, கடைக்கு வெள்ளை அடிக்க வேண்டும் என்று முதலாளி பரணைக் காலி செய்யச் சொன்னார். இருபத்தைந்து வருஷத்துக் கடிதங்கள். எல்லாம் வெந்நீர் அடுப்புக்கு என்றார். நான் ஒரு கவரைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் வெள்ளைக்கார ராஜா தலை. அதன் மேல் வட்டமாக ஒரு முத்திரை, பின்பக்கம் இரண்டு முத்திரை. கடிதம் எங்கே புறப்பட்டது, என்றைக்கு நம்ம ஊருக்கு வந்தது என்று எல்லாம் அந்த வட்டத்துக்குள் இருந்தது. எரிக்க மனம் வரவில்லை. கேட்டேன், எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

அப்படி ஆரம்பித்தது. என்னிடம் உள்ள கவர்களில் பாதிக்கு நடுவில் கம்பி குத்திய ஓட்டை இருக்கும். பெரிய சேகரிப்புக்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். எனக்கு அந்த ஓட்டையும் சேர்த்துத்தான் கவர்.

முதலில் நானும் எல்லாரையும் போலத் தண்ணீரில் ஊறப்போட்டு ஸ்டாம்பை உரித்தேன். முப்பது நாற்பது கவர் அப்படிப் பாழானது. பிறகுதான் புத்தி வந்தது. முத்திரை பாதி ஸ்டாம்பின் மேல், பாதி கவரின் மேல் விழுந்திருக்கிறது. இரண்டையும் பிரித்தால் இரண்டும் ஊமையாகிவிடும். அதற்குப் பிறகு கவரை முழுசாக வைக்கப் பழகினேன். கடிகாரம் பழுது பார்ப்பவரிடம் ஒரு பழைய பூதக்கண்ணாடி வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை சாமி கும்பிட்டு முடித்ததும் உட்கார்ந்து ஒவ்வொரு முத்திரையாகப் படித்து நோட்டில் எழுதுவேன். ஆங்கிலம் பெரிய எழுத்து கூட்டிப் படிக்கத் தெரியும். அது போதுமாக இருந்தது.

படிக்கப் படிக்க ஊர்க் கதை தெரிய வந்தது. இங்கிருந்து ஐந்து மைலில் இருக்கிற செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் ராஜாவின் சீமை. அங்கே தபால் கிடையாது, அஞ்சல். ஸ்டாம்பில் ராஜா தலைக்குப் பதில் சங்கு. செங்கோட்டையிலிருந்து எங்கள் கடைக்குப் புடவை கேட்டு எழுதிய ஒரு கவரில் அந்தச் சங்கும் இருக்கிறது, நம்ம தபால் முத்திரையும் இருக்கிறது. நடந்தால் ஒன்றரை மணி நேரம். கடிதத்துக்கு இரண்டு சர்க்கார். இன்னொரு கவர், பழைய பேப்பர்க்காரரிடம் கிடைத்தது, யாரோ ஒரு துரைக்கு வந்தது. பாளையங்கோட்டை விலாசத்தை அடித்து, குற்றாலம் பங்களா என்று எழுதி, அதையும் அடித்து, திருவனந்தபுரம் என்று எழுதியிருக்கிறது. சாரல் முடிந்து துரை கிளம்பிப் போயிருப்பார் போல. கடிதம் பின்னாலேயே ஓடியிருக்கிறது. யுத்த காலத்துக் கவர்களில் சர்க்காரே ஓரத்தை வெட்டிப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி சீட்டு ஒட்டி அனுப்பியிருப்பார்கள்.

கடையில் கூட வேலை பார்ப்பவர்களுக்கு நான்தான் பொழுதுபோக்கு. "ஊரெல்லாம் பலாச்சுளையத் தின்னுட்டுத் தோலை எறியுது. இந்த அண்ணாச்சி தோலைப் பொறுக்கி நோட்டுல எழுதுதாரு" என்பார்கள். நானும் சிரித்துக்கொள்வேன்.

ஐம்பத்தொன்பது ஆனி மாதம். இலஞ்சியிலிருந்து ஒரு தாயும் மகளும் கூறைப்புடவை எடுக்க வந்தார்கள். ஆவணியில் கல்யாணம். நான் புடவையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவன் வழக்கம்போல, "அம்மா, பழைய கவரு இருந்தா இவருகிட்ட குடுங்க, சாமி மாதிரி வச்சுக் கும்பிடுவாரு" என்றான். அந்த அம்மாள் கையில் பிடித்திருந்த முந்தானையை விட்டுவிட்டாள்.

"அண்ணாச்சி, கவரப் பாத்தா எங்கேருந்து வந்ததுன்னு சொல்லிருவீங்களா?"

"முத்திரை தெளிவா இருந்தா சொல்லலாம்மா."

அவ்வளவுதான். புடவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் காலையில் தனியாக எங்கள் வீட்டுக்கே வந்தாள். என் வீட்டுக்காரி காப்பி கொடுத்தாள். குடிக்கவில்லை. மடியிலிருந்து ஒரு துணியைப் பிரித்தாள்.

அவள் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவள் புருஷன் ரங்கூனில் ஒரு கடையில் வேலை பார்த்தவர். மகள் வயிற்றில் இருக்கும்போது கடைசியாக வந்து போனார். பிறகு யுத்தம் வந்தது, ரங்கூனில் குண்டு விழுந்தது. அதற்குப் பிறகு ஒரே ஒரு கடிதம் வந்தது. 'நான் நலம். எல்லாரோடும் நடந்து வருகிறேன். பிள்ளையைப் பார்த்துக்கொள். மற்றவை நேரில்.' தேதி இல்லை, ஊர் இல்லை. அதன் பிறகு ஆளும் இல்லை, கடிதமும் இல்லை. பதினேழு வருஷம்.

புருஷனின் அண்ணன் குற்றாலத்தில் சீசனுக்கு அறை வாடகைக்கு விடுகிறவர். கல்யாணச் செலவு முழுக்க அவர்தான் பார்க்கிறார். நல்ல மனுஷன். ஆனால் இந்த ஆடி அமாவாசைக்குத் தம்பிக்கு எள்ளும் தண்ணீரும் விட்டே ஆக வேண்டும் என்று நிற்கிறார். காணாமல் போனவனுக்குப் பன்னிரண்டு வருஷம் பார்த்துவிட்டுக் காரியம் செய்துவிடலாம் என்று சாஸ்திரம் இருக்கிறது, இவளுக்காக ஐந்து வருஷம் கூடவே பொறுத்துவிட்டேன் என்கிறார். அண்ணன் மகன் தம்பிக்குக் கொள்ளி வைக்கிற மகன் ஸ்தானத்தில் நின்று செய்வான். அதற்கு முந்தின நாள் இவள் தாலியைக் கழற்ற வேண்டும். கல்யாணப் பத்திரிகையில் 'காலஞ்சென்ற' என்று போட வேண்டும். மணவறைப் பக்கம் இவள் வரக்கூடாது.

"எம் பொண்ணு கழுத்துல ஏறுத வரைக்காச்சும் எங்கழுத்துல இருக்கணும் அண்ணாச்சி. அவுக அண்ணன், எங்க அத்தான், ஒண்ணு சொல்லிருக்காக. 'அவன் ரங்கூனையே தாண்டல. கடுதாசியப் போட்டுட்டு அங்கனயே குண்டுல போயிட்டான். தாண்டிட்டான்னு எவனாவது காட்டட்டும், நான் வாயத் தொறக்க மாட்டேன்'னு."

கவரைக் கையில் வாங்கினேன். கவர் என்று சொல்ல முடியாது. மஞ்சள் அடை. வெள்ளிக்கிழமை தோறும் அதை முருகன் படத்துக்கு முன்னால் வைத்து மஞ்சள் குழைத்துப் பொட்டு வைத்து அதன் மேல் குங்குமம் வைத்திருக்கிறாள். பதினேழு வருஷத்து வெள்ளிக்கிழமை. ஸ்டாம்பு அந்த ஈரத்தில் என்றைக்கோ உரிந்து விழுந்து போயிருந்தது. பின்பக்க மடிப்பு, அதிலிருந்த முத்திரைகளோடு, பிரிக்கும்போதே கிழிந்து போயிருந்தது. ஸ்டாம்பு இருந்திருந்தால் ஒரு நொடி வேலை. பர்மாவுக்கு ஸ்டாம்பு தனி, அதில் பர்மா என்றே போட்டிருக்கும். இப்போது மிச்சம் இருப்பது முத்திரையின் பாதி. அதுவும் மஞ்சளுக்கு அடியில்.

எனக்குக் கை ஓடவில்லை. சாமிக்கு வைத்த குங்குமத்தை நான் சுரண்டுவதா? "இலஞ்சிக் குமரன் சந்நிதியில வச்சுக் கேட்டுட்டுச் செய்வோம்மா" என்றேன். அன்று சாயங்காலமே போனோம். குருக்கள் தட்டில் வாங்கிக்கொண்டு போய்ப் பாதத்தில் வைத்துத் திரும்பக் கொடுத்தார்.

பெயிண்டர் ஒருவரிடம் மிருதுவான பிரஷ் வாங்கி வந்தேன். தண்ணீர் படக்கூடாது. காய்ந்த பொருக்கை ஒரு மூங்கில் சீவலால் மெள்ளத் தூக்கி, பொடியைப் பிரஷால் தட்டி, ஒரு வெள்ளைத்தாளில் சேர்த்தேன். ஒரு பொட்டுக்கூடத் தரையில் சிந்தவில்லை. பூராவும் மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். இடது பக்கம் மேல் மூலையில்தான் பொருக்கு ரொம்பத் தடிப்பு. அங்கே ஏதாவது எழுத்து இருக்கும் என்று நினைத்துக் கவனமாக எடுத்தேன். அடியில் வெறும் தாள்தான். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பொருக்கு போனது. கறை போகவில்லை. கவர் முழுக்க மஞ்சள் ஏறி, முத்திரை இருக்கிற இடம் செம்மண் நிறத்தில் கிடந்தது. கண்ணாடி வைத்தும் ஒன்றும் தெரியவில்லை.

இதற்கு மருந்து எனக்குத் தெரியும். கல்யாணக் கடிதங்கள் நாலு மூலையிலும் மஞ்சள் தடவித்தான் கடைக்கு வரும். கண்ணாடி அலமாரி மேல் வெயில் படுகிற இடத்தில் கிடந்தவற்றில் மஞ்சள் வெளுத்துப் போயிருக்கும். முத்திரை மை அப்படியே இருக்கும். அந்தக் கறுப்பு மை வெயிலுக்கு அசையாது. ஆக, வெயில் வேண்டும். நாலைந்து நாள் நல்ல வெயில்.

ஆனால் சாரல். அந்த வருஷம் போல நல்ல சாரல் நான் பார்த்ததில்லை. மேற்கே மலை தெரியவில்லை. வேட்டி காயவில்லை. குற்றாலத்துக்கு வண்டி வண்டியாக ஜனம் போகிறது. அமாவாசைக்குப் பதினோரு நாள் இருந்தது. ஐந்து நாள் மாடிக்கும் கீழுக்கும் கவரைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். என் வீட்டுக்காரி, "ஊர் பூரா இந்தச் சாரலுக்குக் காத்துக் கெடக்கு. நீங்க ஒரு ஆளு வெயிலுக்கு வேண்டுதீகளே. முருகன் யாரு பேச்சைக் கேப்பாரு?" என்றாள். பிறகு அவளே, "கெழக்க கொண்டு போங்களேன். கீழப்பாவூருல எங்க சித்தி வத்தல் போட்டிருக்காளாம்" என்றாள்.

அது எனக்குத் தோன்றவில்லை பாருங்கள். இங்கே குடை பிடித்து ஏழெட்டு மைல் கிழக்கே போனால் அங்கே மண் பறக்கும். முதலாளியிடம் நாலு நாள் லீவு சொல்லிவிட்டுக் கீழப்பாவூர் போனேன். நரசிம்மர் கோயிலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சித்தி வீட்டு மாடியில், மிளகாய் வற்றலுக்கும் கொத்தவரை வற்றலுக்கும் நடுவில் கவரை ஒரு பலகையில் வைத்து, மேலே கண்ணாடிச் சில்லு வைத்து, காகத்துக்குக் காவலாகக் குந்திக்கொண்டேன்.

"என்ன மருமவனே, காயிதத்துக்கும் வத்தலா?" என்றாள் சித்தி.

"ஆமா சித்தி. உப்புத்தான் போடல."

முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் செம்மண் நிறம் வெளுத்துக் காவி ஆனது. மூன்றாம் நாள் உச்சியில் வட்டத்தின் விளிம்பு தெரிந்தது. நாலாம் நாள் மத்தியானம் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். நாலு எழுத்து. டி, ஏ, ஜி, ஓ. அதற்கு முன்னும் பின்னும் இருந்தவை ஸ்டாம்போடு போயிருந்தன. தேதியும் போயிருந்தது. ரங்கூன் என்கிற பேரில் இந்த நாலு எழுத்து வரிசையாக வராது. அது மட்டும் எனக்கு உடனே தெரிந்தது.

தென்காசித் தபாலாபீசில் எனக்குத் தெரிந்தவர் பழைய ஊர்ப்பெயர் புஸ்தகத்தை எடுத்துத் தேடினார். பர்மாவிலிருந்து வருகிற வழியில் இந்த எழுத்துக்குப் பொருந்துகிற பெரிய ஊர் ஒன்றுதான். சிட்டகாங். பர்மாவிலிருந்து கடலோரமாக நடந்தும் படகிலும் வந்தவர்கள் நம்ம தேசத்தில் முதலில் கால் வைத்த ஊர் அது.

அமாவாசைக்கு முந்தின நாள் காலையில் குற்றாலம் போனோம், அந்த அம்மாளும் நானும். அண்ணன்காரர் தலையில் எண்ணெயோடு வாசலில் நின்றார். உள்ளே எள், தர்ப்பை எல்லாம் வாங்கி வைத்திருந்தது.

"வாரும்வே. கவரு வைத்தியரு நீருதானா?" என்றார். கேலியாகத்தான் கேட்டார், ஆனால் உட்காரச் சொல்லி நாற்காலி போட்டார்.

கவரைக் கொடுத்தேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. என்னிடமும் கேட்கவில்லை. முன் அறையில் சீசனுக்கு வந்து தங்கியிருந்த ஒரு ரிட்டயர் ஆன வாத்தியாரைக் கூப்பிட்டு, "சார், இதுல என்ன எழுத்துன்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வாத்தியார் என் கண்ணாடியை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். நாலு எழுத்தையும் சொன்னார். கொஞ்சம் யோசித்து, "சிட்டகாங்கா இருக்கும். என் தங்கச்சி மாப்பிள்ளை அங்கே ரயில்வேயில இருந்தார்" என்றார்.

"அது ரங்கூனுக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?"

"இந்தப் பக்கம். அப்ப நம்ம வங்காளம். இப்ப பாகிஸ்தான்."

அண்ணன்காரர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். கண்ணில் எண்ணெய் இறங்கியிருந்ததோ என்னவோ. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "எந் தம்பி தாகத்தோட நிக்கானேன்னுதான்வே நான் பதறுனேன். இவ கழுத்துல கை வைக்க எனக்கு ஆசையா?" என்றார். அதற்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டார். "இதை அவனே கொண்டுபோய்ப் போட்டிருக்கான்லா? அவன் கையால?"

இதுதான் என் தப்பு நடந்த இடம். முத்திரை கடிதத்தைப் பற்றித்தான் சொல்லும். ஆளைப் பற்றிச் சொல்லாது. வழியில் விழுந்தவனின் மடியிலிருந்து எடுத்து, கூட வந்தவன் ஒருத்தன் விலாசம் எழுதித் தபாலில் சேர்த்திருக்கலாம். அப்படி நடந்த கவர்கள் எத்தனையோ உண்டு. இது எனக்குத் தெரியும். அவர் கேட்டபோதும் தெரியும். அந்த அம்மாள் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். நான் தலையை ஆட்டினேன்.

"சரி. சொன்னது சொன்னதுதான்" என்று அவர் உள்ளே போய் எள்ளையும் தர்ப்பையையும் எடுத்து மேலே வைத்துவிட்டார். பத்திரிகையில் 'காலஞ்சென்ற' வரவில்லை. ஆவணியில் கல்யாணம். அந்த அம்மாள் குங்குமம் வைத்துக்கொண்டு மணவறைக்குப் பக்கத்தில் நின்று மகளுக்குத் தாலி முடிவதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பந்திக்கு நிற்காமல் கடைக்குத் திரும்பிவிட்டேன்.

கார்த்திகை மாதம் இலஞ்சிக் கோயிலில் அவளைப் பார்த்தேன். பிரகாரத்தில் நிறுத்தி, நான் தலையாட்டியது நிச்சயமில்லாத சங்கதிக்கு என்று உள்ளதைச் சொன்னேன். அவள் என்னைக் கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரியாதா அண்ணாச்சி?" என்றாள். "விலாசம் யாரு எழுதுனாலும், கவரு மூலையில 'முருகன் துணை'ன்னு அவுக கையால போடாம தபால்ல சேக்க மாட்டாக. எத்தனை கடுதாசி வந்திருக்கு, ஒண்ணுலகூட விட்டதில்ல. இதுல மட்டும் அந்த மூலை வெறிச்சுன்னு இருந்துச்சு. வந்த அன்னைக்கே பாத்தேன். முதல் மஞ்சளை அங்கனதான் வச்சேன்."

அந்தத் தடித்த பொருக்கு ஞாபகம் வந்தது.

"ஒருவேளை அந்த எழுத்து அடியில இருந்து, எங்கண்ணுதான் அன்னைக்கு மறைச்சிருச்சோன்னு ஒரு நப்பாசை. நீங்க எடுத்துப் பாத்தப்பறம் அதுவும் போச்சு. போகட்டும். நம்ம மண்ணு வரைக்கும் அவுக கடுதாசியாவது வந்துச்சே. எம் பொண்ணு கல்யாணத்துல நான் நின்னேன். அத்தான்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன். நான் இருக்க வரைக்கும் நீங்க யாருகிட்டயும் சொல்லாதீங்க."

அடுத்த ஆடி அமாவாசைக்கு முதல் நாள் தாலியைத் தானே கழற்றி இலஞ்சிக் கோயில் உண்டியலில் போட்டாள். யாரும் சொல்லவில்லை. மறுநாள் குற்றாலத்தில் அருவிக்கரையில் அண்ணன்காரரும் மகனும் எள்ளும் தண்ணீரும் விட்டார்கள். நான் போகவில்லை. அன்று சாரல் இருந்தது என்று சொன்னார்கள். அண்ணன்காரர் இன்றைக்கும் கடைத்தெருவில் பார்த்தால் எனக்குக் கும்பிடு போடுகிறார். என் தலையாட்டலைப் பற்றி அவள் அவரிடம் என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. முருகனிடம் நான் சொல்லிவிட்டேன். அவன் பார்த்துக்கொள்ளட்டும்.

கவரை அவள் என்னிடமே கொடுத்துவிட்டாள். ஓட்டை குத்தாத கவர். என் பெட்டியில் தனித்தாளில் சுற்றி இருக்கிறது. சரஸ்வதி பூஜைக்கு எல்லாக் கவரையும் படத்துக்கு முன்னால் வைக்கும்போது என் வீட்டுக்காரி மற்றதற்கெல்லாம் பெட்டியின் மேல் பொட்டு வைப்பாள். இதன் பக்கம் கை கொண்டுபோக மாட்டாள்.

ஊரில் இப்போது வேறு கதை நடக்கிறது. குங்குமமே எழுத்தாக மாறியது என்கிறார்கள். நரசிம்மர் என் கனவில் வந்து ஊர் பேரைச் சொன்னார் என்கிறார்கள். புருஷன் காசியில் சாமியாராக இருப்பதாக நான் கண்டுபிடித்தேன் என்று ஒருத்தர் என்னிடமே சொன்னார். நான்தான் மை வைத்து எழுதினேன் என்று சொல்கிறவர்களும் உண்டு. சாமி பேரைச் சொல்லிக் கூட்டினாலும் கூட்டல் கூட்டல்தான்.

நடந்தது இவ்வளவே. பாதி வட்டம், நாலு எழுத்து, தேதி இல்லை, மூலையில் ஒன்றும் இல்லை, நான் தலையை ஆட்டினேன், அவள் ஒரு வருஷம் கழித்துத் தானே கழற்றினாள். இதைப் படிக்கிறவர்கள் இன்னொருத்தருக்குச் சொன்னால் இப்படியே சொல்லுங்கள். அவளுக்காக ஒன்றைக் கூட்டவும் வேண்டாம், எனக்காக அந்தத் தலையாட்டலைக் குறைக்கவும் வேண்டாம்.